டிரைவர் பக்கத்தில் யானை

எல்.கே.ஜி. வகுப்பு என் கைக்கு வந்த இரண்டாவது வாரமே கண்டுபிடித்துவிட்டேன்: பிள்ளைகள் யாரும் நான் சொல்வதைக் கேட்கவே இல்லை. வாயில் விரல் வைத்து, கண்ணை அகல விரித்து, எவ்வளவு அழகாக உட்கார்ந்திருப்பார்கள்! "புரிஞ்சுதா?" என்றால் கூரை அதிர "எஸ் மிஸ்!" சந்தேகம் வந்து ஒருநாள், "மதியம் எல்லாரும் செங்கல் சாப்பிடலாமா?" என்றேன்.

"எஸ் மிஸ்!"

சிரிப்புத் தாங்கவில்லை. சொல்லிச் சிரிக்கத்தான் ஆளில்லை. மற்ற டீச்சர்கள் மூவரும் உள்ளூர். நடவு, வளைகாப்பு என்று அவர்கள் பேச்சு தனியாக ஓடும். "படிச்ச பொண்ணு, புதுசு புதுசா செய்யும்" என்பார் ஒருவர். மற்ற இருவரும் டிபன் பாக்ஸுக்குள் குனிந்து சிரிப்பார்கள். சாயங்காலம் தஞ்சாவூர் பஸ்ஸில் கண்டக்டரிடம் "பழைய பஸ்டாண்டு" என்பேன். அதற்குப் பிறகு மறுநாள் காலைவரை பேச ஒரு வார்த்தையும் தேவைப்படாது.

ஒரு பிள்ளையாவது என்னை மறுத்துச் சொல்ல வேண்டும். அது மட்டும் போதும் எனக்கு. தினம் ஒரு புளுகு விட்டேன். ஆடு பரீட்சை எழுதியது. நிலா இட்லிக் கடை வைத்தது. எல்லாவற்றுக்கும் எஸ் மிஸ்.

ஒருநாள் தலைமை ஆசிரியை வந்து வகுப்பின் பின்னால் நின்றார். நான் நிறுத்தவில்லை. "நேத்து நம்ம ஸ்கூல் வேன்ல ஒரு யானை ஏறி, டிரைவர் அண்ணன் பக்கத்துல உட்கார்ந்து வந்துச்சு."

"எஸ் மிஸ்!"

அதுவரை குரலே காட்டாத ஒரு சிறுமி எழுந்துவிட்டாள். "பொய் மிஸ்! அங்க நான்தானே உட்கார்ந்திருந்தேன்!"

ஓடிப்போய் அவளைத் தூக்கிக் கொஞ்சியிருக்க வேண்டும். அதற்குள் தலைமை ஆசிரியை, "மிஸ்ஸையே பொய்ங்கிறியா? உட்காரு! வாயில விரல்!" என்றார்.

"இல்லைங்க மேடம், நான்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"முதல்ல கிளாஸ சைலண்ட்டா வைங்க டீச்சர்."

வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

அவர் போனதும் அவளருகே மண்டியிட்டேன். "நீ சொன்னதுதான்டா கரெக்ட். மிஸ்தான் பொய் சொன்னேன்." அவள் என்னைப் பார்க்கவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவளுக்காகவே ஒன்று சொன்னேன். "காலையில நம்ம வாய்க்கால்ல கப்பல் போச்சு." எல்லோரும் கத்தி ஓய்ந்தார்கள். அவள் காதிலும் விழுந்தது, புருவம் சுருங்கியதை நான் பார்த்தேன். காத்திருந்தேன். பக்கத்து வயலில் அறுவடை மெஷின் ஒரு சுற்றுப் போய்த் திரும்பியது.

அவள் வாயிலிருந்து விரலை எடுக்கவில்லை.