சிவப்பில் நின்ற பட்டை

பேரம் பேச வராதீங்க. இந்தக் கதைக்கு ஒரே விலைதான்: நடந்தது நடந்தபடி. யட்டியாந்தோட்டை பஜாரில் வளர்ந்தவன் நான். கெட்டுப்போன ரப்பர் பாலை மோந்துகொண்டே சோறு தின்றவன். எனக்கே இதை எழுதும்போது குமட்டுகிறது.

போன வருஷம். அடைமழை. றக்வான பக்கம் மண் சரிந்து ரோடும் இல்லை, போனும் இல்லை. அங்கே என் தங்கச்சி பர்ஸானா, நிறைமாதம். அவள் மாப்பிள்ளை நிஸார், லைசென்ஸ் எடுத்து வீட்டிலிருந்தே வயர்லெஸ் ரேடியோவில் பேசுகிறவன். லைன் அறும் முன் கடைசியாகச் சொன்னான்:

"மச்சான், நான் தந்த ரிசீவரைக் கம்ப்யூட்டர்ல மாட்டுங்க. ஆறரைக்குச் செய்தி அனுப்புறன். சத்தத்தைக் கம்ப்யூட்டரே எழுத்தாக்கும். லெவலை மட்டும் சரியா வைங்க. திரையில தெரியுற சத்தப் பட்டை பச்சையில நிக்கணும். சிவப்புக்குப் போனா எழுத்து வராது."

மஃரிப் தொழுதுவிட்டு எங்கள் கடை மாடியில் தனியாக உட்கார்ந்தேன். மணி 6.20. வயரைச் சொருகினேன். காதை முழுசாக மூடும் ஹெட்போன். சோவென்று இரைச்சல். பட்டை அடியில் கிடந்தது. லெவலைக் கூட்டினேன்.

6.27. இரைச்சலுக்குள் வேறொன்று...

சளப்... சளப்...

யாரோ மெல்லுகிறார்கள். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு. எலும்பை உறிஞ்சி, விரலை நக்கி, வழியும் எச்சிலை உள்ளே இழுத்து... சீ! கலியாண வீட்டில் பலர் சேர்ந்து தின்னும் சஹன் தட்டில் பக்கத்து ஆள் இப்படித் தின்றால் பாதியில் எழும்பியிருப்பேன். ஆனால் தங்கச்சியின் செய்தி வரவேண்டுமே.

ஹெட்போனைக் கழற்றினேன். மழை மட்டும். பட்டையும் இறங்கியது.

போட்டேன். சளப்...

6.31. திரையில் ஓர் எழுத்தும் இல்லை. லெவலைக் குறைத்தேன். பட்டை ஏறியது. மெல்லுவது கிட்ட வந்தது.

ஏரியல் வயரைப் பிடுங்கினேன். இரைச்சல் அப்படியே.

6.34. ரிசீவரையே அணைத்தேன்.

சளப்... சளப்...

"யார்டா?"

என் குரல் ஹெட்போனுக்குள்ளேயே கேட்டது.

மெல்லுவது நின்றது.

கொளக்... எதையோ விழுங்கியது.

பட்டை முழுக்கச் சிவப்பு.

அழுகின பல்லின் வாடை...

எப்படிப் படி இறங்கினேனோ தெரியாது. வாசலில் வாந்தி எடுத்தேன்.

மூன்றாம் நாள் ரோடு திறந்தது. நிஸார் மஸ்கட் இனிப்புப் பெட்டியோடு வந்தான். மகள் பிறந்திருக்கிறாள். தாயும் பிள்ளையும் சுகம்.

"மூணு தரம் அனுப்பினேனே மச்சான், ஒன்னும் வரலியா?"

"உன்ட ரேடியோவுல எவனோ சாப்பிடுறான்டா!"

மாடிக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தான். சிரித்தான்.

"வயரைச் சொருகினாப் போதுமா? உள்ளே செட்டிங்ல ரேடியோவைத் தெரிவு செய்யவே இல்லையே. இது கம்ப்யூட்டர்ட சொந்த மைக், திரை விளிம்புலயே இருக்கு. நீங்க இரைச்சல்னு கேட்டது கூரைத் தகரத்து மழை!"

"அப்ப மென்றது?"

சிரிப்பு நின்றது.

நான் விட்டிருந்த லெவலைத் தொடாமல், ஒரு துண்டு மஸ்கட்டை வாயில் போட்டான். வாசலில் நின்று மென்றான். பட்டை அசையவில்லை. மேசைக்கு முன்னால் வந்து மென்றான். பச்சை. குனிந்து, உதடு திரையில் முட்டும்வரை போனபிறகுதான் சிவப்பு ஏறியது.

அன்றைக்கு, எழுத்து வருமா வருமா என்று நானும் முகத்தை அந்தத் திரையோடு ஒட்டிக்கொண்டுதான் இருந்தேன். நடுவில் இன்னொரு வாய்க்கு ஒரு சாண் இடம்கூட இல்லை.