மீட்டர்காரர் வீட்டு நாய்

முப்பது வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்த மனுஷருக்கு நாய் என்றாலே ஆகாது. கேட்டைத் தொடும் முன்பே, "கட்டிப் போட்டுத் தொலைங்கம்மா! வளக்கத் தெரியாதவங்க எதுக்கு வளக்கறீங்க?" என்று தெருவே கேட்கச் சத்தம் போடுவார். நாயை அவிழ்த்து விடுகிறவர்களுக்கு அபராதம் போட வேண்டும் என்று நாலு பக்கத்துக்கு ஒரு மனு எழுதி, அலுவலகப் பொறியாளர் கையிலேயே கொடுத்தார். அவரும் படித்துவிட்டு, "பொறுப்பான ஆளுய்யா நீங்க" என்றார். அந்த ஒரு பாராட்டை மீட்டர்காரர் சொல்லாத ஆள் பாக்கியில்லை.

அவர் ஓய்வு பெற்றதும் மனைவி ஒரு நாயைக் கொண்டுவந்து, துரை என்று பேரும் வைத்தாள். ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவர், மறுவாரமே அதற்குக் காது சொறிந்துவிட்டுக்கொண்டிருந்தார். வெளியே மட்டும் மூச்சு விடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவருமாக வயல் வழியே மூன்று மைல் நடந்து, இடிந்து கிடக்கும் பழைய துறவிகள் மடத்துக்குப் போனார்கள். வாசல் பலகையில், நாய்கள் வரலாம், கயிற்றை விடக் கூடாது என்று எழுதியிருந்தது. கூரை போன பிரார்த்தனைக் கூடம், வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். ஒரு ஈ காக்கை இல்லை. மனைவி தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போனாள். இங்கே யார் பார்க்கப் போகிறார்கள் என்று இவர் கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

துரை நேரே ஒரு பெரிய தூணுக்குப் பின்னால் ஓடியது. அங்கே ஒரு குடும்பம் விரிப்பு விரித்துச் சாப்பிட உட்கார்ந்திருந்தது. துரை சாப்பாட்டுப் பையின் மேல் நிதானமாகக் காலைத் தூக்கியது. ஒரு அம்மாள் அலறினாள். பக்கத்தில் எழுந்து நின்றவர் சாட்சாத் அந்தப் பொறியாளர்.

"அட, நீங்களா? யாரோட நாய் இது?"

"யாரு கண்டா சார்? பொறுப்பில்லாத ஜனங்க, இப்படித்தான் அவுத்து விட்டுடறாங்க," என்றார் மீட்டர்காரர், கயிற்றைச் சட்டைப் பைக்குள் திணித்தபடி. துரை வாலை ஆட்டிக்கொண்டே வந்து அவர் செருப்பின் மேல் தலை வைத்துப் படுத்தது. அவர் காலை உருவிக்கொண்டார். உருவிய பிறகுதான் உடம்பெல்லாம் கூசியது.

அலறல் கேட்டு வந்து, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்ற மடத்துக் காவலாளி துரையின் கழுத்தில் ஒரு கிழிசல் துணியைக் கட்டினார். "நாய் வண்டிக்குச் சொல்லிடறேன் சார். பிடிச்சுட்டுப் போயிடுவாங்க."

இழுபட்டுப் போகும்போது அது திரும்பித் திரும்பி இவரையே பார்த்தது. சொல்லித் தொலையேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. எப்படிச் சொல்வது? அந்த நாலு பக்க மனு அல்லவா எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தது!

வாசலருகே காவலாளியை மனைவிதான் மறித்தாள். "எங்க துரையை எங்கய்யா இழுத்துட்டுப் போறீங்க?"

"உங்க நாயாம்மா? யாருதுன்னே தெரியாதுன்னு அந்த சார் சொன்னாரே."

அவள் கணவரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு துரையோடு வந்து பொறியாளரிடம், "மன்னிச்சிருங்க சார். என் நாய்தான். அவருக்கு ஒண்ணும் தெரியாது," என்றாள். சொல்லிவிட்டுக் கணவர் பக்கம் கையை நீட்டினாள். அவர் பையிலிருந்து கயிற்றை எடுத்துக் கொடுத்தார். பொறியாளர் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

திரும்பும் வழியில் அவளும் துரையும் முன்னால் நடந்தார்கள். பாதி வழி வந்ததும் அவருக்குத் தாங்கவில்லை.

"கயித்தைக் கொடேன். நான் பிடிச்சுக்கறேன்."

"வேணாம்," என்றாள், திரும்பாமலே. "எதிர்ல ஆளுங்க வர்றாங்க."