சிவநேசன் எழுதாத கடிதங்கள்

கோர்ட் மொழிபெயர்ப்பாளனின் வாயைத்தான் வேலைக்கு எடுக்கிறார்கள்; மூளையை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வரவேண்டும். தொண்ணூறுகளில் ரொறொன்ரோவில் தமிழ் மொழிபெயர்ப்பாளனைத் தேடாத கோர்ட் இல்லை என்பதால் எனக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. பிறர் பேச்சைப் பேசிப் பிழைக்கிற சக வாய்களே, உங்களுக்கு நான் சொல்வது விளங்கும். எத்தனையோ வழக்குகளை அன்றன்றே மறந்திருக்கிறேன், சிவநேசனின் வழக்கை மட்டும் மறக்க முடியவில்லை.

ரகசிய எழுத்து

சிவநேசன் மில்லிக்கன் பக்கம் ஒரு பிளாசாவில் சின்ன அச்சுக்கடை வைத்திருந்தார். கல்யாணக் கார்ட், நோட்டீஸ், ஒரேயொரு கொம்பியூட்டர். இல்லாத கொம்பனியின் பெயரில், இன்னார் இங்கே வேலை செய்கிறார் என்று பொய்யான வேலைக் கடிதங்கள் தயாரித்துக் கொடுத்தார் என்று பொலிஸ் பிடித்துவிட்டது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் காத்திருந்தார்கள். குற்றவாளி என்று தீர்ப்பு வந்தால் அவர்களைக் கனடாவுக்குக் கூப்பிடப் போட்ட ஸ்பொன்சர் நின்றுவிடும். அவருக்கு அந்த ஒரு பயம்தான்.

பொலிஸ் தரப்புக் கொம்பியூட்டர் நிபுணர், சிவநேசன் சங்கேத மொழியில் கோப்புகள் எழுதி வைத்திருக்கிறார் என்று சாட்சி சொன்னார். அவர் நீட்டிய தாளில் ஆங்கில எழுத்தும் கமாவும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடந்தது. தமிழ் எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் தமிழ்க் கோப்பைத் திறந்தால் அப்போதெல்லாம் அப்படித்தான் தெரியும். சிவநேசன் தன் லோயருக்கு அதை விளங்கப்படுத்த, எழுத்துருவைப் போட்டுத் திறந்து பார்த்தார்கள். ரெக்ஸ்டேலில் யாரோ ஒரு பிள்ளை பெரியவளானதற்கு வைத்த சாமத்தியவீட்டு அழைப்பிதழ்! கோர்ட்டே சிரித்தது, நிபுணரும் அசடு வழியச் சிரித்தார். வெளியே வந்ததும் சிவநேசன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இனிப் பயமில்லை அண்ணை. உந்த ஆள் சொல்லுறதை இனி ஆர் நம்பப்போகினம்?"

தேத்தண்ணி மரியாதை

அடுத்த நாள் அரச வழக்கறிஞர், "உங்கள் கொம்பியூட்டரை யார் பாவிப்பார்கள்?" என்று கேட்டார். வருகிறவர்கள் எல்லாரும் என்றார் சிவநேசன். அது முழு உண்மை. நம் சனம் மகளின் சாதகத்தையும் குடும்பக் கடிதத்தையும் கடைக்காரனின் கண்ணில் காட்டாது. "கொஞ்சம் எழும்பும் தம்பி, நானே அடிக்கிறன்" என்று கதிரையைப் பிடித்துக்கொள்ளும். சிவநேசன் பக்கத்து டோனட் கடைக்குத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார்.

முன்பின் தெரியாதவர்களிடம் கடையை விட்டுவிட்டுப் போவீர்களா என்று வழக்கறிஞர் விடவில்லை. சிவநேசன் சொன்ன பதிலை நான் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் கொடுத்தேன். தமிழில் பண்பாக இருந்தது, ஆங்கிலத்தில் நொண்டிச் சாட்டாகிவிட்டது. அவர் சொன்னது இவ்வளவுதான்: "ஒராள் மகளின்ர சாதகம் அடிக்கேக்குள்ள பக்கத்தில நிண்டு பாக்கிறது அழகில்லை, ஐயா."

எழுதியவர்

நிபுணர் மறுபடி கூண்டேறினார். அந்த வேலைக் கடிதங்கள் ஒவ்வொன்றின் கோப்புக்குள்ளும் 'எழுதியவர்' என்ற இடத்தில் சிவநேசனின் பெயர் இருக்கிறது என்றார். இருந்தது. எப்படி வந்தது என்று சிவநேசனுக்கே தெரியவில்லை. "என்ர பேர்தான், ஆனா நான் எழுதேல்லை" என்றார். அவருடைய லோயர் நிபுணரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கொம்பியூட்டரைக் குறுக்கு விசாரணை செய்ய அந்த நாளில் யாருக்குத் துணிவு இருந்தது?

குற்றவாளி என்ற தீர்ப்பைச் சிவநேசனின் காதுக்குள் தமிழில் சொன்னேன். நீதிபதி சொன்னதை மாற்றவோ குறைக்கவோ எனக்கு உரிமை இல்லை. "பொய் சொல்ல மனிதனுக்குக் காரணம் உண்டு, இயந்திரத்துக்கு இல்லை."

செத்தவர் எழுதிய மனு

சிவநேசன் தண்டனை முடிந்து மறியலால் வெளியே வந்தபோது கடையும் இல்லை, ஸ்பொன்சரும் இல்லை. மேன்முறையீட்டுக்கு ஒரு வெள்ளைக்கார லோயர் அம்மா கிடைத்தார். அவருடைய கொம்பியூட்டர் பழையது, இன்னொரு லோயரின் கந்தோரிலிருந்து வாங்கியது. எங்களை இருத்திவிட்டு, தான் அடித்த மனுவிலேயே 'எழுதியவர்' இடத்தை, என்னதான் இருக்கிறது என்று ஒரு விடுப்புக்குத் திறந்து பார்த்தார். அவருடைய பெயர் இல்லை. கொம்பியூட்டரின் பழைய சொந்தக்காரரான அந்த லோயரின் பெயர் இருந்தது.

விஷயம் அவ்வளவுதான். எழுதும் மென்பொருளை முதன்முதலில் போடும்போது யாருடைய பெயரைக் கொடுத்தோமோ, பிறகு எவர் இருந்து அடித்தாலும் அது அந்தப் பெயரையே போட்டுக்கொண்டிருக்கும். சிவநேசன் தன் பெயரைக் கொடுத்திருந்தார். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். லோயர் அம்மா சிரித்துக்கொண்டே தொடங்கி, சிரிக்காமல் முடித்தார். "என்னுடைய மனுவை எழுதிய மனிதர் போன வருடம் செத்துப்போனார்."

வயது

மேன்முறையீட்டில் தீர்ப்பு ரத்தானது. சிவநேசன் திரும்ப ஸ்பொன்சர் போட்டார். குடிவரவு அலுவலகத்திலும் நான்தான் வாய். மனைவியும் மகனும் வரலாம், மகள் இதற்கிடையில் பிள்ளை என்கிற வயதெல்லையைத் தாண்டிவிட்டாள், அவளைச் சேர்க்க முடியாது என்றார் அதிகாரி. நான் அதைத் தமிழில் மெதுவாகச் சொன்னேன். மெதுவாகச் சொன்னால் மட்டும் என்ன, அந்தப் பெண் கொழும்பில் தனியே நிற்கத்தான் போகிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சிவநேசன் அழவில்லை. மேசையில் கிடந்த மகளின் படத்தை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். "பிள்ளையின்ர வயசையாவது சரியாக் கணக்குப் பாத்திருக்கினம், அண்ணை."

அந்த வழக்கில் எல்லாருடைய பிழைகளையும் ஒரு பிழையும் விடாமல் மொழிபெயர்த்தவன் என்று கோர்ட்டில் எனக்கு நல்ல பெயர்.