சம்சாரம் வாயைத் தொறந்த ரெண்டாம் பாகம்

எங்க அண்ணனுக்கு ராயபுரத்துல இருந்த ஒரே சொத்து, தெருமுனை வீடியோ கேம் கடையில ஃபேன் காத்து நேரா மூஞ்சில அடிக்கிற முதல் நாற்காலி. புதுசா வர்ற கேமை எவன் முதல்ல முடிக்கிறானோ அவனுக்குத்தான் அதுன்னு கடைக்காரரு சட்டம். அண்ணன் ஒரு வருஷமா எறங்கல. ஞாயித்துக்கெழமை மாதா கோயில்ல பூசை முடிஞ்சதும் நேரா அங்க போயிடுவான். காவலுக்கு அம்மா என்னையும் கூட அனுப்பும்.

அவன் ஜெயிச்ச முதல் பாகம் இருக்கே, அடாடா! ஹீரோவோட சம்சாரத்தை வில்லன் தூக்கினு பூடுவான். ஹீரோ சுட்டுகினே போய் மீட்டுகினு வரணும். கதை அவ்ளோதான். அந்தப் பொம்பளை கடைசி வரைக்கும் கம்பத்துல கட்டுண்டு நிப்பா, வாயே தொறக்க மாட்டா. அடியாளுங்க அதுக்கு மேல மக்கு. ஒரே கதவு வழியா, ரேஷன் கடை வரிசை மாதிரி ஒவ்வொருத்தனா வருவானுங்க. எங்காளு ஒரு பீப்பாய்க்குப் பின்னால குந்திகினு பட்டனை அமுக்குவான். வீரமாம்!

ரெண்டாம் பாகம் வந்துச்சு. அண்ணன் பழையபடி பீப்பாய்க்குப் பின்னால குந்தினான். அடியாளுங்க சுத்திவந்து முதுகுல சுட்டானுங்க. கண்ணாபின்னான்னு சுட்டதுல குண்டும் தீர்ந்துபோச்சு.

"இன்னா பேஜாரு கேம்பா இது!"ன்னு கத்தினான்.

எனக்கோ புடிச்சுப்போச்சு. ஏன்னா இதுல அந்தப் பொம்பளை பேசினா. நடுநடுவுல ஒயர்லெஸ்ல புருஷனைக் கூப்புடுவா, அவ பேசறது கீழ இங்கிலீஷ்ல ஓடும். நான் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். ஆனா எங்க கடையில ஒரு வழக்கம் கீது. திரையில யார் பேசினாலும் உடனே பட்டனை அமுக்கித் தள்ளிவுட்டுடணும். மணிக்கணக்குல வாடகை, பேச்சு கேக்கவா வந்தோம்?

பக்கத்து மிஷின்ல காசிமேட்டுப் பையன் ஒருத்தன் அண்ணனுக்குச் சரிசமமா வந்துகினு இருந்தான். நாற்காலி போயிடுமோன்னு அண்ணனுக்கு வேர்த்துக் கொட்டுச்சு, அந்த ஃபேன் காத்துலயும்.

"அண்ணே, அவ கட்டை அவுத்துகினா. துப்பாக்கி கூட எடுத்துகினா."

"த்தோ, கம்முனு கெட."

"அண்ணே, கடைசிக் கதவுகிட்ட நானே வரேன், சுட்டுடாதங்கறா."

"உன்னைக் காவலுக்கு அனுப்பினாங்களா, பிரசங்கம் பண்ண அனுப்பினாங்களா?"ன்னு கேட்டுகினே பட்டனை அமுக்கினான். அவ வாயும் மூடிச்சு, என் வாயும் மூடிச்சு.

கடைசிக் கதவு தொறந்துச்சு. தலைவிரிகோலமா, கையில துப்பாக்கியோட, அவ ஓடி வந்தா. இத்தினி நாளா யாரைத் தேடினானோ அவளையே எங்கண்ணன் ஒரே குண்டுல சாச்சுட்டான். திரை இருட்டாச்சு. கடையே கைகொட்டிச் சிரிச்சுது. பின்ன, கதவுல வர்றவனெல்லாம் எதிரின்னு ஒரு வருஷம் பாடம் படிச்ச கையாச்சே!

காசிமேட்டுப் பையனுக்கும் கதவு தொறந்துச்சு. அவன் துப்பாக்கியைக் கீழ எறக்கினான். நான் அண்ணனுக்குச் சொன்னதெல்லாம் அவன் காதுல வுழுந்துகினே இருந்துருக்கு. புருஷனும் பொண்டாட்டியுமா படகேறிப் போனாங்க. கடைக்காரரு அண்ணன் தோளைத் தட்டி நாற்காலியை வுட்டு எழுப்பினாரு.

வூட்டுக்குப் போற வழியெல்லாம் அண்ணன் மூஞ்சி கோணியிருந்துச்சு. மாதா கோயில் பக்கம் வந்ததும் திரும்பி என்னைப் பார்த்துக் கத்தினான்: "கூடவேதானே குந்தியிருந்த? முன்னாடியே சொல்றதுக்கு இன்னா கேடு?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல. வாயைத் தொறந்தேன்.

"சரி சரி, சுருக்கா சொல்லு"ன்னான்.