கணக்குக்குக் கொடுத்தது

போன செவ்வாய்க்கிழமை வரை என் மேசை டிராயரில் ஒரு புளியங்கொட்டை இருந்தது. ஒரு பக்கம் சிமென்டுத் தரையில் தேய்த்து வெள்ளை தெரிகிற கொட்டை. காலித் தீப்பெட்டி ஒன்றில் போட்டு, சிவப்பு மை பேனாவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். தலைமை ஆசிரியை ஒருமுறை பேனா தேடும்போது அதைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னா டீச்சர், கொட்டைக்கெல்லாம் வூடு கட்டி வச்சிக்கினு கீறீங்க" என்று கிண்டல் செய்தார். நானும் சிரித்து மழுப்பினேன். அதை எனக்குக் கொடுத்தவள் ஒரு வாத்துக்காரரின் மகள். எங்கள் பள்ளியில் மொத்தமாகப் பத்து நாள் உட்கார்ந்திருப்பாளோ என்னவோ.

உத்திரமேரூரிலிருந்து ஸ்கூட்டரில் கால் மணி நேரத் தொலைவில் இருக்கிறது எங்கள் பள்ளி. எனக்கு இரண்டாம் வகுப்பு. அவள் வந்த வருடம் ஒரு பயிற்சி வகுப்பில், கணக்கோடு நற்பண்பையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள் என்றார்கள். எனக்கு உற்சாகத்தில் தலைகால் புரியவில்லை. கழித்தலுக்கு ஈகையைத் தவிர வேறென்ன பொருத்தம் என்று அன்றிரவே பாடத்தைத் தயார் செய்துவிட்டேன். ஒரு பிஸ்கட் டப்பா நிறையப் புளியங்கொட்டை. பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக எதிரெதிரே பாயில் உட்கார வேண்டும். ஆளுக்கு ஏழு கொட்டை. "என்னிடம் ஏழு இருந்தது. உனக்கு மூன்று கொடுத்தேன். என்னிடம் மீதி நான்கு" என்று ஒருவர் சொல்ல, வாங்கியவர் "நன்றி" சொல்ல வேண்டும். மணி அடித்ததும் எல்லாக் கொட்டையும் டப்பாவுக்குத் திரும்ப வேண்டும். நான் எண்ணித்தான் மூடியைப் போடுவேன். ஒன்று குறைந்தாலும் அன்று முழுக்க என் முகம் சரியாக இருக்காது. ஈகையைச் சொல்லிக்கொடுக்கிறவளின் கஞ்சத்தனத்தைப் பாருங்கள்.

மாசி மாதம், அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்க்க வந்த குடும்பம் அவளுடையது. வயலோரம் கூடாரம் போட்டு, வலை கட்டி வாத்துகளை அடைத்து வைத்திருந்தார்கள். சாப்பாட்டு மணிக்குப் பள்ளி வாசலில் வந்து நின்றவளைத் தலைமை ஆசிரியைதான் கையைப் பிடித்து என் வகுப்பில் கொண்டுவந்து விட்டார். அம்மாவின் பெரிய செருப்பைப் போட்டுக்கொண்டு வருவாள். அதை வாசலில் மற்றவர் செருப்புகளை விட்டுத் தள்ளி, ஜோடி சேர்த்து வைப்பாள். வாய் திறந்து பேச மாட்டாள். சேற்று வாடை என்று பக்கத்துப் பெண்கள் கொஞ்சம் நகர்ந்துதான் உட்கார்ந்தார்கள். நான் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கொட்டைக் கணக்குக்கு அவளுக்கு ஜோடியாக, ரைஸ்மில் மேஸ்திரியின் மகளை உட்கார வைத்தேன். மேஸ்திரி மகள் மூன்று கொட்டைகளை எண்ணி அவள் கையில் வைத்தாள். வாத்துக்காரர் மகள் இரண்டு கைகளாலும் வாங்கினாள். "நன்றி" என்று அவள் சொன்னதுதான் வகுப்பில் நான் கேட்ட அவளுடைய முதல் வார்த்தை. பாடம் பலித்துவிட்டது என்று நான் பூரித்துப் போனேன். மணி அடித்தபோது யாரோ பெற்றோர் வந்து கூப்பிட, டப்பாவை எண்ணாமல் போய்விட்டேன்.

மறுநாள் காலை எண்ணினேன். மூன்று குறைந்தது. யார் எடுத்தது என்று கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் மேஸ்திரி மகள் எழுந்து, "டீச்சர், இவ எத்துக்கினு பூட்டா" என்றாள். வாத்துக்காரர் மகள் பாவாடை ஓரத்தில் போட்டிருந்த முடிச்சை அவிழ்த்தாள். மூன்று கொட்டைகள். மூன்றையும் ராத்திரி தேய்த்து ஒரு பக்கம் வெள்ளையாக்கியிருந்தாள்.

"நான் ஒண்ணியும் எடுக்கல டீச்சர். இவதான் குட்தா."

"அது கணக்குக்காகக் குடுத்ததும்மா. உனக்கே உனக்குன்னு இல்ல. டப்பாவுல போடு."

போட்டாள். தகர டப்பாவில் ஒவ்வொன்றாக விழுந்த சத்தம் எனக்கு அன்று ஒன்றும் செய்யவில்லை. அடுத்த கணக்குக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவளையே எழுப்பி, "உன்கிட்ட ஏழு இருக்கு, மூணு குடுத்துட்ட. மீதி எவ்ளோ?" என்று கேட்டேன்.

"ஏளு" என்றாள்.

வகுப்பு சிரித்தது. மறுபடியும் கேட்டேன். மறுபடியும் ஏழு. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. விரலை விட்டு எண்ணு என்று அதட்டினேன்.

"எதுக்கு டீச்சர் எண்ணணும்? மணி அட்சா திருப்பி வாங்கிக்குவோம். அப்ப ஏளுதான கீது?"

அவள் எதிர்த்துப் பேசவில்லை. நிஜமாகவே அப்படித்தான் கணக்கைப் போட்டிருந்தாள். ஆனால் நான், "அதிகப்பிரசங்கி, உட்காரு" என்றேன். அந்த வார்த்தையை இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

சாயங்காலம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. விடை சரி, நான் கொடுத்த கணக்குதான் தப்பு. திரும்ப வாங்கப் போகிற பொருள் கழியவே இல்லையே. பாடத்தில் மட்டுமா அப்படி? தம்பி மனைவிக்கு ஒரு பொங்கலுக்குப் பட்டுப்புடவை எடுத்துக்கொடுத்தேன். அதன் பிறகு எத்தனை கல்யாண வீட்டில், எத்தனை பேர் எதிரில், "அது நான் எடுத்துக் கொடுத்தது" என்று சொல்லிக் காட்டியிருப்பேன்! ஒவ்வொரு தடவையும் அந்தப் புடவையில் ஒரு முழம் திரும்ப வாங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

மறுநாள் டப்பாவைக் கவிழ்த்து, வெள்ளை தெரிகிற மூன்று கொட்டைகளையும் பொறுக்கி எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பள்ளி விட்டதும் வயலுக்குப் போனால், கூடாரம் இருந்த இடத்தில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. வாத்து இறகுகள் மிதந்தன. "அவங்க நேத்தே லோடு ஏத்திக்கினு பூட்டாங்க டீச்சர். தென்னேரி பக்கம் போறதா சொன்னாங்க" என்றார் வயல்காரர்.

சனிக்கிழமை தென்னேரிக்குக் கிளம்பினேன். "மூணு புளியங்கொட்டைக்கு எவ்ளோ பெட்ரோல்?" என்றார் என் வீட்டுக்காரர். நான் வண்டியை எடுத்தேன். ஏரிக்கரைக்குக் கீழே, நெல் அறுத்த தாளுக்கு நடுவில் வாத்துக் கூட்டத்தைக் கண்டுபிடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. என்னைப் பார்த்ததும் அவளுடைய அப்பா கையிலிருந்த கோலைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"இன்னா டீச்சரம்மா, எங்க பொண்ணு எதனா பண்ட்டாளா?"

அந்தப் பயம் என்னைக் குத்தியது. அவள் ஒன்றும் செய்யவில்லை, நான்தான் செய்தேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை. வலைக்குப் பின்னால் நின்றிருந்தவளைக் கூப்பிட்டு, கையை நீட்டச் சொல்லி, மூன்று கொட்டைகளையும் வைத்தேன். அவள் விரலை மடக்கவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"கணக்குக்கா டீச்சர், நெசமாவா?"

"நெசமாத்தான்."

"திருப்பிக் கேக்க மாட்டீங்களே?"

"கேக்க மாட்டேன்டா கண்ணு."

அப்போதுதான் விரல்கள் மூடின. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஸ்கூட்டர் பக்கம் திரும்பினேன். பின்னாலேயே ஓடி வந்து என் கையில் ஒரு கொட்டையைத் திணித்தாள். "எங்கிட்ட மூணு. உங்களுக்கு ஒண்ணு. மீதி ரெண்டு" என்றாள். நான் "நன்றி" சொன்னேன். இரண்டு கைகளாலும்தான் வாங்கினேன்.

அதன்பிறகு அவளைப் பார்க்கவில்லை. வாத்துகள் வந்த வருடங்களில் எல்லாம் வயலோரம் வண்டியை நிறுத்திப் பார்த்திருக்கிறேன், வேறு குடும்பங்கள். என் வகுப்பில் இப்போதெல்லாம் கொடுத்த கொட்டை கொடுத்ததுதான், திரும்ப வாங்குவதில்லை. பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப் போவார்கள், தொலைப்பார்கள், பல்பத்துக்கு மாற்றிக்கொள்வார்கள். கொடுக்கக் கை வராமல் முரண்டு பிடிக்கிற பிள்ளையை நான் வற்புறுத்துவதில்லை. பங்குனியில் புளி உடைக்கிற வீடுகளிலிருந்து டப்பா நிறையும்; மாசிக்குள் அடி தெரிந்துவிடும்.

போன செவ்வாய்க்கிழமையும் அடி தெரிந்திருந்தது. எல்லோருக்கும் எட்டு, கடைசிப் பாயில் இருந்த சின்னப் பெண்ணுக்கு மட்டும் ஏழு. எண்ணி எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் டிராயரைத் திறந்து தீப்பெட்டியை எடுத்தேன். மணி அடித்ததும் வாங்கிக்கொள்ளலாமே என்று மனசு உடனே ஒரு வழி சொன்னது பாருங்கள், இத்தனை வருடத்துக்குப் பிறகும்! கொட்டையை அவளிடம் கொடுத்தேன். மணி அடித்தது. அவள் நேராக என்னிடம் வந்து அதை நீட்டினாள். என் டிராயரிலிருந்து வந்தது என்பதால் என்னுடையது என்று நினைத்துவிட்டாள்.

"உனக்குத்தான். வச்சிக்கோ."

"நெசமாவா டீச்சர்?"

"நெசமாத்தான்" என்றேன். கேட்டைத் தாண்டி அவள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தீப்பெட்டி காலியாக என் கையில் இருந்தது. ஒன்றில் ஒன்று போனால் பூஜ்யம் என்று வருடா வருடம் போர்டில் எழுதிப் போடுகிறவள், அன்றைக்குத்தான் அந்தக் கணக்கை முதல்முறையாகச் செய்தேன்.