பல்லுக்காரரின் கடைசி பேட்டரி

எங்கள் கட்டடத்து மேல்மாடியில் குடியிருக்கும் பல்லுக்காரருக்குப் பொய்ப்பல் செய்வதுதான் தொழில். மருத்துவர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்து வீட்டின் முன்னறையிலேயே ராவி, தேய்த்து, மெருகேற்றிக் கொடுப்பார். அவர் செய்த பல் செட்டைப் போட்டுக்கொண்ட ஒருவர் பலமாகத் தும்மினாராம். பல் நின்ற இடத்திலேயே நிற்க, ஆள்தான் இரண்டடி பின்னால் போனாராம். நம்பாதவர்கள் தும்மிப் பார்க்கலாம்.

இத்தனை கச்சிதமான மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கால் தரையில் நிற்காது. நுரை அட்டையில் செய்த சிறகும் மூக்கில் மோட்டாரும் வயிற்றில் சோப்புக் கட்டி அளவு 'லிப்போ' என்னும் லித்தியம் பேட்டரியும் கொண்ட குட்டி விமானம் ஒன்று வைத்திருந்தார். மனைவியின் தம்பியைக் கூட்டிக்கொண்டு திடலுக்குப் போய், ரிமோட்டும் கையுமாக அண்ணாந்து நிற்பார்.

வினை வீட்டில்தான் வந்தது. இருந்த மூன்று பேட்டரிகளில், சலவை இயந்திரத்தின் மேல் வைத்து சார்ஜ் செய்த ஒன்று பூரித்து, புகைந்து, ஜன்னல் திரையைத் தின்றது. அந்தப் புகையில் ஓடிய பூனை இன்னும் அடுத்த தெருவில்தான் குடியிருக்கிறது.

மனைவி கருகிய திரையைக் கையில் பிடித்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னாள். "இனி ஒரு புது பேட்டரி இந்த வாசப்படி தாண்டக் கூடாது. மிச்சம் இருக்கிற ரெண்டும் செத்துப்போச்சுன்னா, அன்னிக்கே விமானத்தைப் பழைய இரும்புக் கடையில போட்டுடுவேன்."

"அக்கா, அது நுரை அட்டை. இரும்புக் கடைக்காரர் வாங்க மாட்டார்" என்றான் தம்பி.

"உன்னையும் சேர்த்துக் கட்டிக் குடுத்தா வாங்குவார்."

இந்த இரண்டையும் சாக விடுவதில்லை என்று பல்லுக்காரர் அப்போதே முடிவு கட்டிவிட்டார். பல்லின் தடிமன் பார்க்கும் காலிப்பரை எடுத்து இரண்டு பேட்டரிகளின் இடுப்பையும் அளந்தார். அதன்பின் அது தினப்படி வேலையாயிற்று.

"மாமா, பேட்டரிக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?"

"மாப்ளே, பருத்தா அதுக்கு உடம்பு சரியில்லைன்னு அர்த்தம். கண்ணுக்குத் தெரியறதுக்குள்ள இந்தக் காலிப்பருக்குத் தெரிஞ்சிடும்."

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. பறக்கவிட்டு வந்த கையோடு, சூடு ஆறுவதற்குள் பேட்டரியை முழுக்க நிரப்பி அலமாரியில் வைத்துவிடுவார். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தயாராக இருக்க வேண்டும் அல்லவா! ஒருநாள் அப்படி ஒன்றை நிரப்பி முடித்ததும் மின்சாரம் போய்விட்டது. மற்றது பாதியிலேயே நின்றது. மறுநாள் பிடித்த மழை திடலைக் குளமாக்கியது. வாரங்கள் போயின. விமானம் சுவரில் தொங்கியது. காலிப்பர் மட்டும் வேலை செய்தது.

மழை விட்டபோது நிரம்பிய பேட்டரியின் இடுப்பு தலைமுடி அளவு தடித்திருந்தது. பாதியில் விட்டது அப்படியே இருந்தது.

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நிரப்பி நிரப்பி வச்சே கொன்னிருக்கேன்" என்றார்.

பருத்ததைப் பழைய பேட்டரி வாங்கும் மையத்தில் ஒப்படைத்துவிட்டு வந்தார். மிஞ்சியது ஒன்று.

அதன்பின் அந்த ஒன்றுக்கு நடந்த உபசாரம் புது மாப்பிள்ளைக்குக்கூட நடக்காது. பறக்கும் அன்று காலையில்தான் முழு சார்ஜ், அதுவும் மெதுவாக, வெறும் தரையில், பக்கத்திலேயே உட்கார்ந்து. பறந்து வந்தபின் ஆறும்வரை சார்ஜரில் மாட்ட மாட்டார். ஆறியதும் பாதிக்குக் கொண்டுவந்து தகரப்பெட்டியில் நிழலில் வைப்பார். குளிர்ந்த காலைகளில் பேட்டரி வலு இழக்காதபடி பனியனுக்குள் அக்குளில் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ரிமோட்டில் மணி அடித்தால் விமானம் இறங்க வேண்டும். வயிற்றில் இன்னும் கால்வாசி இருக்கும்போதே அடிக்கும்படி அதை வைத்திருந்தார்.

திடலில் சிரிக்காதவர்கள் இல்லை. மற்றவர்கள் மோட்டார் திணறும்வரை சுற்றுவார்கள். இவர் பாதிப் பேச்சில் எழுந்து போகும் விருந்தாளிபோல் இறங்கிவிடுவார்.

"இன்னும் தெம்பு இருக்கே மாமா! ஒரு சுத்து விடுங்க!" என்பான் தம்பி.

"தெம்பு இருக்கும்போதுதான்டா இறக்கணும். ஒட்ட உறிஞ்சினாலும் பேட்டரி செத்துப்போகும்."

சிரித்தவர்கள் ஒவ்வொருவராகப் புது பேட்டரிக்கு மாறினார்கள். சிலர் இரண்டு முறை. இவருடையதில் ஒட்டியிருந்த காகிதம் வெளுத்து எழுத்தே அழிந்துவிட்டது. இடுப்பு மட்டும் மாறவில்லை.

இதைக் கேள்விப்பட்ட மனைவி ஒரு காலை தானும் கிளம்பினாள். எப்போது சாகும் என்று அவள் காத்திருந்த பேட்டரி அல்லவா, அதன் அழகைப் பார்க்க வேண்டாமா?

விமானம் ஏறியது. வட்டமடித்தது. அவள் கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றாள்.

"என்னங்க, அதை இப்படிக் குடுங்க."

"நீயா?"

"ஏன், எனக்குக் கை இல்லையா?"

ரிமோட்டைக் கொடுத்துப் பின்னால் நின்று சொல்லிக்கொடுத்தார். முதலில் விமானம் குடித்தவன்போல் தள்ளாடியது. பிறகு நிமிர்ந்தது. அவள் முகம் அதைவிட நிமிர்ந்தது. தம்பி கை தட்டினான். அந்த நேரம் பார்த்து மணி அடித்தது.

"இறக்கு" என்றார்.

"இருங்க, இன்னும் ஒரே ஒரு சுத்து."

"இறக்கும்மா."

"இப்பதானே பழகுது! கொஞ்சம் ஓடினா குறைஞ்சா போயிடும்?"

அந்த வீட்டில் அவர் குரல் உயர்ந்ததாகச் சரித்திரம் இல்லை. அன்று உயர்ந்தது.

"இது செத்தா விமானமும் போச்சுன்னு சொன்னவ நீதான். இப்ப நீயே கொல்லப் பாக்கிறியா? குடு இப்படி!"

அவள் ரிமோட்டை நீட்டினாள். அவர் காற்றுக்கு எதிராகத் திருப்பி, புல்லின்மேல் பூப்போல இறக்கினார். பேட்டரியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

திரும்பும் வழியெல்லாம் ஆட்டோவில் அவள் தகரப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். தெருமுனை திரும்பும்போதுதான் கேட்டாள்.

"ஒண்ணுதான் இருக்கு. ரெண்டு பேர் எப்படிப் பறக்கவிடறது?"

"நீ போட்ட சட்டம்" என்றார் பல்லுக்காரர்.

"நான் போட்டதுதானே. நானே மாத்திக்கறேன். இன்னொண்ணு வாங்கிட்டு வாங்க" என்றவள், பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "ஆனா முழுசா நிரப்பி மட்டும் வச்சீங்க, பாத்துக்குங்க!"