சோப்புப் போகாத தண்ணீர்

அம்மாவின் உடலைக் கடைசியாகக் குளிப்பாட்டும்போது, எத்தனை குவளை ஊற்றியும் அவள் கை வழவழவென்றே இருந்தது.

ஊரைவிட்டுச் சிங்கப்பூர் வந்தபோது எனக்கு ஆறு வயது. ராமநாதபுரத்து உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. குளித்தால் தோல் வறவறவென்று ஆகிவிடும். தோ பாயோ வீட்டுக்கு வந்த புதிதில் அம்மா குளியலறையை விட்டு வரவே மாட்டாள்.

"சோப்பு போகவே மாட்டேங்குதுங்க."

"எப்பவோ போயிருச்சு. இந்த ஊர்த் தண்ணில உப்பில்ல, வழவழன்னுதான் இருக்கும் லா," என்று அப்பா கதவைத் தட்டுவார்.

அவள் கடைசிவரை நம்பவில்லை. ஊரில் ஒருமுறை குளித்தால்தான் குளித்த மாதிரி இருக்கும் என்பாள். அடுத்த வருஷம் கூட்டிப்போகிறேன் என்று வருஷந்தோறும் சொன்னேன்.

உதவிக்கு வந்த பக்கத்து வீட்டு அக்கா என் கையைப் பிடித்தார். "போதும்மா, சுத்தமாயிருச்சு."

"இன்னும் சோப்பு போகலக்கா," என்று அடுத்த குவளையை மொண்டேன்.